சாமிக்கு வலப்பக்கம்

வியாதபுரத்தில் மாமா வீட்டில் ஒளிந்திருக்கும் என் கணவர் கண்டின் அவர்களுக்கு, ஈசானபுரத்திலிருந்து ஸ்வாய் வணங்கி எழுதுவது. நீங்கள் உயிரோடு இருப்பதாகப் படகுக்காரர் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. கோபம்தான் இறங்கவில்லை.

மழை விட்டுவிட்டது. ஆற்றில் மீன் கொழுத்துக் கிடக்கிறது. ஊரெல்லாம் பானை பானையாக மீனை உப்பில் ஊறப்போடுகிறார்கள். நான் போடவில்லை. யாருக்குப் போடுவது?

உங்களுக்குப் பதிலாக உங்கள் தம்பி லானை நம் ஊர்த் தலைவர் பிடித்து வைத்திருக்கிறார். "பாதி சிவன், பாதி விஷ்ணுவா ஒரே சாமி சிலை கேட்டேன். சடையையும் கிரீடத்தையும் பக்கம் மாத்தி வெச்சுட்டு ஓடிட்டானே படுபாவி!" என்று கத்தினாராம். பௌர்ணமிக்குள் நீங்கள் வராவிட்டால் லானின் கட்டைவிரலை வெட்டிவிடுவார்களாம். அப்புறம் அவன் உளி பிடிப்பது எப்படி? சோறு கொண்டுபோனால், "அண்ணி, உப்பு கம்மி" என்று கிண்டல் வேறு. சிரித்துவிட்டு வெளியே வந்து அழுகிறேன்.

சந்தைக்கும் போக முடியவில்லை. "ஏன்டி ஸ்வாய், உன் புருஷன் எந்தக் கையால சாப்பிடுவான்?" என்று கேட்கிறாள் வெல்லம் விற்கிறவள். அவள் வாயில் மண் விழ!

ஒரு வாரமாக இந்த ஓலையை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். சொல்லிவிடுகிறேன். பக்கம் மாறியது உங்களால் அல்ல. நம் ஊரில் இப்படி ஒரு சாமியை யாரும் செதுக்கியதில்லை என்று பண்டிதரிடம் என்னைக் கேட்டுவர அனுப்பினீர்களே, அவர் தெளிவாகத்தான் சொன்னார்: "சாமிக்கு வலப்பக்கம் சிவன்." வழியில் துணிக்கடையில் நின்று வாயாடிவிட்டு வந்த நான், "வலப்பக்கம் சிவனாம்" என்றேன். 'சாமிக்கு' என்ற ஒரு சொல்லை விழுங்கிவிட்டேன். கல்லுக்கு எதிரே நின்ற நீங்கள் உங்கள் வலப்பக்கத்தில் சடையைச் செதுக்கினீர்கள். எல்லாரும் உங்களைத் திட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பயந்துவிட்டேன், பாவி.

நாளைக் காலை தலைவரிடம் போய் இதைச் சொல்லப்போகிறேன். லானை விட்டுவிடுவார்கள். என்னைக் கோயிலுக்கு அடிமையாக எழுதிக் கொடுத்தாலும் கொடுப்பார்கள். பட்டறையில் இன்னொரு கல் இருக்கிறது. வந்து செதுக்கித் தருவதாக நீங்கள் சொன்னால் தலைவர் மனம் இரங்கலாம்.

கோபம் இருந்தால் வந்து திட்டுங்கள், வராமல் மட்டும் இருக்காதீர்கள். பௌர்ணமிக்குள் வந்து தலைவர் முன்னால் என் வலப்பக்கம் நில்லுங்கள். எனக்கு வலப்பக்கம். இந்த முறை சரியாகச் சொல்லிவிட்டேன்.

உங்கள்
ஸ்வாய்