பெல்வியூ வீட்டின் மேல்மாடி

மார்ச் 3, 2016
பேய்க்காற்று. கடற்கரைச் சாலை முழுக்க மணல். வரலாற்றுச் சங்கக் கூட்டத்துக்கு ஆறே பேர் வந்தோம். பெல்வியூ வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்களாம். 1868-இல் ஒரு சோப்பு வியாபாரி கட்டிய வீடு. கடலைப் பார்த்த வளைந்த ஜன்னல்கள், வண்ணக் கண்ணாடி பதித்த வாசல். பிறகு ஹோட்டல், பிறகு இளம்பெண்களுக்கான ஓய்வில்லம், அப்புறம் வாடகை அறைகள். இப்போது புறாக்கள்தான் குடியிருக்கின்றன. நகரமன்றத்தில் வீட்டுக்காகப் பேச என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். "முப்பது வருஷம் பிள்ளைங்க காதைக் கிழிச்சவர்தானே வாத்தியாரே, இன்னும் பத்து நிமிஷம் பேசினா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள் செயலாளர் நார்மா.

வீட்டுக்கு வந்து தெல்மாவிடம் சொன்னேன். "இடிஞ்சா இடியட்டுமே," என்றாள், தலையைத் தூக்காமல். இத்தனை வருடம் ஒரு வரலாற்றுப் பைத்தியத்தோடு குடும்பம் நடத்தியவள் பேசுகிற பேச்சா இது?

மார்ச் 9
பெல்வியூ சாவி கிடைத்துவிட்டது. படம் எடுக்கக் கூட வா என்றேன். முட்டி வலி என்றாள் தெல்மா.

மார்ச் 11
எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மேல்மாடியில், கூரைக்கடியில் இருக்கும் சின்ன அறை. சுவர் அலமாரியைத் திறந்தேன். கதவின் உள்பக்கம் பென்சிலால் பெயர்கள். பதினொரு பெண்கள். எல்லாம் அறுபதுகளில் எழுதியவை. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குழந்தையின் பெயர், இரண்டு தேதிகள்.

நான்காவது: தெல்மா பெட்டிஃபர், வயது 17. ராபின். பிறந்தது நவம்பர் 2, 1963. கொண்டுபோனது டிசம்பர் 14.

பெட்டிஃபர் தெல்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். அப்படியும் வேறு யாரோ தெல்மா என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் அந்தக் கையெழுத்து — கடைக்குப் போகும்போதெல்லாம் என் சட்டைப்பையில் திணிக்கிற சாமான் பட்டியலில் பார்க்கிற கையெழுத்து.

அறுபத்தொன்பதில் எங்கள் கல்யாணம். எனக்கு எதுவும் தெரியாது.

மார்ச் 12
எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருபது கிறிஸ்துமஸ் விருந்துகளில் அம்மா அதைச் சொல்லிக் காட்டினாள். "எம்பையன் நல்லாத்தான் இருக்கான். சில வயிறு அப்படி, என்ன செய்யறது?" தெல்மா உருளைக்கிழங்குத் தட்டை அடுத்தவருக்கு நகர்த்துவாள். நான்? நான் மாமிசத்தை வெட்டிக்கொண்டிருப்பேன்.

ஒருமுறை, டாக்டரிடம் போய் இரண்டு பேரும் சோதித்துப் பார்ப்போம் என்றேன். "வேணாம் க்ளைவ். குறை என்கிட்டயே இருக்கட்டும்," என்றாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

இருக்கட்டும் என்றாளே. இருக்கு என்று அவள் சொல்லவே இல்லையே!

குறை எனக்குத்தான். அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. இத்தனை வருடமும் தெரிந்திருக்கிறது.

மார்ச் 14
இன்னும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன்?

மார்ச் 16
அவளே கேட்டாள். மதியம், சமையலறையில் மீன் செதில் உரசிக்கொண்டிருந்தாள்.

"மேல்மாடி வரைக்கும் போனியா?"

"போனேன்."

"அந்த அலமாரிக் கதவு இன்னும் இருக்கா?"

தலையாட்டினேன். கத்தியைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ஆறு வாரம் பால் குடுத்தேன். அப்புறம் நீலக் கோட்டு போட்ட ஒரு அம்மா வந்தாங்க. பிள்ளைக்கு நல்ல சட்டையா மாத்திக் கொண்டான்னாங்க. மாத்திக் கொண்டுபோய்க் குடுத்தேன். நானே, என் கையால."

"என்கிட்ட ஏன் சொல்லல, தெல்மா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி பயம். அப்புறம் உங்கம்மா பேச ஆரம்பிச்சாங்க. நான் வாயைத் திறந்தா அந்தப் பேச்சு உன் பக்கம் திரும்பும். உனக்கு அது தாங்காது."

நான் அழுதேன். அவள் அழவில்லை. "அந்த வீடு விழட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன்," என்றாள். "நீ போய் அதுக்கு முட்டுக்குடுக்க நிக்கிறே."

ஏப்ரல் 5
நகரமன்றம். என்ன சொல்லட்டும் என்று காலையில் கேட்டேன். "நடந்ததைச் சொல்லு. என் பேரைச் சொல்லாதே."

சொன்னேன். 'ஓய்வில்லம்' என்று நான் எழுதிய ஊர் வரலாற்றுப் புத்தகத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன், அது பொய், அங்கே யாரும் ஓய்வெடுக்கவில்லை, கல்யாணமாகாத பெண்களை ஒளித்துவைத்து, பிறந்த பிள்ளைகளைத் தத்துக்குக் கொடுத்த இடம் அது என்று ஆரம்பித்தேன். பதினொரு குழந்தைகளின் பெயர்களை மட்டும் வாசித்தேன். ஜன்னல் அழகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டைக் காப்பாற்றுங்கள் என்றும் கேட்கவில்லை. இடிக்க அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

வாசலில் நார்மா பிடித்துக்கொண்டாள். "காப்பாத்தச் சொல்லி அனுப்பினா குழி தோண்டிட்டு வர்றீங்களே, மனுஷனா நீங்க?" அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக, "தெரிஞ்சவங்க யாராவதா?" என்றாள். என் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டுப் போனாள்.

ஜூன் 20
பெல்வியூ போயிற்று. ஒரே நாளில். நான் மட்டும் போய் நின்று பார்த்தேன்.

ஜூலை 8
தத்துப் போன பிள்ளைகளைத் தேடித்தரும் அலுவலகத்துக்குத் தெல்மா கடிதம் எழுதினாள். என்னைக் கேட்கவில்லை. ஒட்டிய உறையைக் கொண்டுவந்து, "தபால்ல போட்டுட்டு வா," என்றாள்.

செப்டம்பர் 27
அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். முதலில், "பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள். அப்போதே எங்களுக்குப் புரிந்துவிட்டது.

வளர்த்தவர்கள் ராபினுக்கு ஆலன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாற்பது மைல் தள்ளி ஒரு ஊரில் படகு எஞ்சின்கள் பழுது பார்த்திருக்கிறான். கல்யாணம் ஆகவில்லை. 2011 பிப்ரவரியில் மாரடைப்பு.

"நாற்பது மைல்," என்றாள் தெல்மா. சாப்பிடும்போது மறுபடியும், "நாற்பது மைல்தான்."

அக்டோபர் 15
இரண்டு ரயில் மாறிப் போனோம். ஸ்டேஷனில் செவ்வந்தி வாங்கினாள். கல்லறையைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம்.

'ஆலன். ஹெரால்டு, ஜோன் தம்பதியரின் அன்பு மகன்.'

நின்று இரண்டு மூன்று தடவை படித்தாள். கல்லில் பறவை எச்சம். கைக்குட்டையில் எச்சில் தொட்டுத் துடைத்தாள், குழந்தையின் வாயைத் துடைப்பதுபோல. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். வளர்த்தவர்களின் கல் பக்கத்திலேயே இருந்தது. அவர்கள் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பூவில் பாதியைப் பிரித்து ஜோனுக்கு வைத்தாள்.

புல் வெட்டிக்கொண்டிருந்த கிழவர் மிஷினை நிறுத்திவிட்டு வந்தார். "இந்தக் கல்லுக்கு யாரும் வந்து நான் பாத்ததில்ல. நீங்க சொந்தமா?"

நான்தான் பதில் சொல்ல வாயெடுத்தேன். தெல்மா முந்திக்கொண்டாள்.

"நான் அவனோட அம்மா."

கிழவர் தொப்பியைக் கழற்றினார். "தண்ணிக் குழாய் அந்தச் சுவரோரம் இருக்கும்மா," என்றார்.

கல்லடியில் இருந்த பூ ஜாடியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.