அது இன்னும் நிறையவில்லை, அத்தை

என் பிரியமுள்ள அத்தைக்கு,

இந்த அகாலத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனும் மீனாவும் தூங்கி வெகுநேரமாகிறது. லைட்டைப் போட்டால் மீட்டர் ஓடும் என்று சிம்னி விளக்கில் எழுதுகிறேன். மண்ணெண்ணெய் மட்டும் சும்மா வருதாக்கும் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. திரியைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு வருஷத் திதி கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவள் இன்றைக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முன்னால் வீட்டு நடப்பைச் சொல்லிவிடுகிறேன். நடப்புத் தெரியாமல் நீங்கள் யாருக்கும் யோசனை சொன்னதில்லை.

மீனாவுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய இடது கால் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் இருந்தவரை அவள் தரையில் நின்றதே குறைவு. கோயிலானாலும் கடையானாலும் சந்தையானாலும் உங்கள் இடுப்பிலேயே போய்விட்டு வந்தாள். இப்போது நான் தூக்கினால் தெருமுனை தாண்டுவதற்குள் மூச்சு வாங்குகிறது. பள்ளிக்கூடத்தில் யார் தூக்குவார்கள்?

மதுரையில் டாக்டரிடம் காட்டினோம். கம்பி வைத்த பூட்ஸ் போட்டால் தானே நடப்பாள் என்றார். அதைச் செய்கிற பட்டறையையும் அவரே சொன்னார். முழுப் பணத்தையும் கட்டினால்தான் அளவெடுப்பார்களாம், செய்து கொடுக்க ஒரு மாதம் ஆகுமாம். அப்படியென்றால் சித்திரை முடிவதற்குள் நாங்கள் மதுரை போயாக வேண்டும்.

உங்கள் மகன் சம்பளம் உங்களுக்குத் தெரியும். நிறுத்துவதற்கென்று பெரிய செலவு எதுவும் அதில் கிடையாது. சின்னச் சின்னதாகத்தான் நிறுத்த முடிந்தது. கல்லூரியில் பொருளாதாரம் படித்தபோது, வரவில் செலவு போக மிஞ்சுவது சேமிப்பு என்று எழுதி மார்க் வாங்கினேன். இங்கே எதுவும் மிஞ்சுகிற வழியைக் காணோம். சம்பளம் வந்த அன்றே பூட்ஸுக்கென்று எடுத்து, அடுப்படி மேல்தட்டில் இருக்கிற பிஸ்கோத்து டப்பாவில் போட்டுவிட்டு, மீதிக்குள் ஓட்டிக்கொள்கிறோம்.

முதலில் வாரப் பத்திரிகையை நிறுத்தினேன். தொடர்கதை பாதியில் நிற்கிறது. அந்தப் பெண் அவனைக் கட்டிக்கொண்டாளா இல்லையா என்று பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். ரேடியோவுக்கு பேட்டரிக் கட்டை மாற்றவில்லை, அது மேலே துணி போட்டு மூடிக் கிடக்கிறது. இஸ்திரிக்குப் போடுவதில்லை. சட்டையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறேன். ஒருபக்கம் மடிப்பு விழுகிறது, இன்னொரு பக்கம் அவர் தலை அச்சு விழுகிறது.

அவரும் சும்மா இல்லை. சாக்கோட்டை ஆபீசுக்குப் பஸ்ஸை விட்டுவிட்டு சைக்கிளில் போகிறார். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் டீயும் வடையும் சாப்பிடுவாரே, அதை அவராகவே நிறுத்திவிட்டார். நான் கேட்கவில்லை. ஒருநாள் வந்து, இப்போதெல்லாம் வடை எண்ணெய் நெஞ்சைக் கரிக்கிறது என்றார். நானும் நம்பியதுபோல் கேட்டுக்கொண்டேன்.

பூவைத்தான் நேராக நிறுத்த முடியவில்லை. பூ வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பீர்கள். அதனால் பூக்காரம்மாவிடம் நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவள் தினமும் வந்தாள், நானும் தினமும் நாளைக்கு என்றேன். போன வாரம், “ஒங்க நாளைக்கு என்னைக்குத்தாம்மா வரும்?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு இரண்டு கண்ணி மல்லிகையைக் கிள்ளி மீனா தலையில் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவள் குரல் கேட்டாலே நான் பின்கட்டுக்குப் போய்விடுகிறேன்.

இந்த வீட்டில் ‘இல்லை’ என்ற சொல்லே கிடையாது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு எவ்வளவு நாளாயிற்று, நினைவிருக்கிறதா அத்தை? கல்யாணமான புதிதில், “அரிசி நிறைஞ்சிருக்கு, தம்பிக்கிட்டச் சொல்லிவிடு” என்றீர்கள். பானை காலி, வாங்கி வரச் சொல் என்று அதற்கு அர்த்தம். எங்கள் வீட்டில் தீர்ந்தால் தீர்ந்துபோச்சு என்போம், அவ்வளவுதான். நான் நேரே போய், அரிசி நிறைய இருக்காம் என்று அவரிடம் சொன்னேன். அவர் வெறுங்கையோடு வந்தார். ராத்திரி கேப்பை அடை தின்றுகொண்டே நீங்கள் புரையேறச் சிரித்தீர்கள். “படிச்ச புள்ளையில்ல, திருத்திச் சொல்லிருச்சு” என்றீர்கள்.

அந்தப் பேச்சை நான் பழகிக்கொண்டேன். ஆனால் மீனா பழகவில்லை, அதிலேயே பிறந்துவிட்டாள். அவளுக்குக் காலி என்பதற்கு வேறு சொல்லே தெரியாது. இன்றைக்கு நடந்தது அதனால்தான்.

மத்தியானம் ஒக்கூரிலிருந்து பாக்கியம் வந்திருந்தாள். உங்கள் மகள் எதற்கு வருகிறாள் என்று அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குத் தெரியும். அவள் மகனுக்கு, உங்கள் பேரனுக்கு, காது குத்த வேண்டும். உங்கள் வருஷம் கழியட்டும் என்றுதான் காத்திருந்தாள். தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்த வேண்டும், தாய்மாமன் தோடு கொண்டுவர வேண்டும், அவளுக்குச் சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி, தட்டுத் தட்டாகச் சீர். அவள் பையில் பழத்துக்கு மேலே வெற்றிலை தெரிந்தது. முறையாக அழைக்கத்தான் வந்திருக்கிறாள்.

அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை அத்தை. கூடப் பிறந்தவனைக் கேட்காமல் யாரைக் கேட்பாள்? ஆனால் அந்தச் சீருக்கும் டப்பாவில் இருப்பதற்கும் சரியாகப் போய்விடும். ஜூனில் மீனா மறுபடி என் இடுப்பில்.

வாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் வந்துவிட்டேன். காலையில் மீனாவுக்கு ஒரு டம்ளர் பால் மட்டும் நிறுத்தவில்லை, ஆனால் மத்தியானத்தில் வீட்டில் பால் இருப்பதில்லை. கொத்தமல்லியை வறுத்துக் கருப்பட்டி போட்டுக் காப்பி வைக்கலாம், உடம்புக்கு நல்லது என்று சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். வெளியே பாக்கியம் மீனாவைச் சீண்டிக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, அத்தை வந்திருக்கேன். காப்பி கீப்பி உண்டா ஒங்க வீட்டுல?”

“பால் நிறைஞ்சிருக்கு அத்தே. சீனி நிறைஞ்சிருக்கு. காப்பித்தூளு அப்பவே நிறைஞ்சிருச்சு.”

வேறு யாராக இருந்தாலும் பிள்ளை பெருமை பேசுகிறது என்று நினைத்திருப்பார்கள். பாக்கியம் உங்கள் வயிற்றில் பிறந்தவள். அவள் சிரிப்பு பாதியில் நின்றது எனக்கு உள்ளே கேட்டது. எழுந்து அடுப்படிக்கு வந்தாள். வறுபடுகிற மல்லியைப் பார்த்தாள், மேல்தட்டைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வதற்குள், “அந்த டப்பாவும் நிறைஞ்சுதான் இருக்கா?” என்று மீனாவைப் பார்த்துக் கேட்டாள்.

நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மீனா, “அது இன்னும் நிறையல அத்தே. அதுக்குள்ளதான் என் பூட்ஸு இருக்கு” என்றாள்.

பாக்கியம் அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துகொண்டாள். மல்லிக்காப்பியை ஆற்றிக் குடித்தாள். நன்றாக இருக்கிறது, மாமியாருக்கும் இதைத்தான் போட்டுக் கொடுக்கப் போகிறேன் என்றாள். போகும்போது பையிலிருந்து வாழைப்பழச் சீப்பை எடுத்து மீனா மடியில் வைத்தாள். வெற்றிலை பாக்கை வெளியே எடுக்கவில்லை. பையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“சும்மாதான் பாத்துட்டுப் போக வந்தேன் அண்ணி. காதுகுத்துக்கெல்லாம் இன்னும் நாளே பாக்கலைன்னு அண்ணன்ட்டச் சொல்லிருங்க. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிறாதீக.”

தெருத் திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோபமா அத்தை? அழுதுகொண்டு போனாளா? அவள் முதுகைப் பார்த்தே உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் இவரிடம் மறைக்காமல் சொன்னேன். மறைத்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “வெத்தலையைத் திருப்பி எடுத்துட்டா போனா?”

ஆமாம் என்றேன். வெகுநேரம் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “தாய்மாமன் நான் உசுரோடதான இருக்கேன்” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, காலை முதல் பஸ்ஸில் ஒக்கூர் போகிறாராம். எதற்கு என்று சொல்லவில்லை. தங்கையைச் சமாதானம் செய்யவா, தோட்டுக்குப் பணம் கொடுக்கவா? படுப்பதற்கு முன்னால் டப்பாவை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். திரும்ப வைக்கும்போது மேல்தட்டில் வைக்கவில்லை. காலையில் எடுக்க வாகாகக் கீழ்த்தட்டில் வைத்தார். அதைப் பார்த்த பிறகு எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. சீர் இல்லாமல் நிற்கிற தாய்மாமனை ஊர் என்ன பேசும் என்று எனக்கும் தெரியும். ராத்திரி மீனா தூங்கும்போது அவரும்தான் அவள் காலைத் தடவிப் பார்க்கிறார். இரண்டும் அவருக்கு ரத்தம். எனக்குத்தான் ஒரே ஒரு பக்கம், மீனா பக்கம்.

ஆகவே நான் ஒன்று தீர்மானித்திருக்கிறேன். விடிந்ததும் அவர் அந்த டப்பாவைத் தொட்டால், “சீருக்கு நம்மகிட்டப் பணம் இல்லை” என்று சொல்லப் போகிறேன். நிறைஞ்சிருக்கு என்று சொல்லமாட்டேன். ‘இல்லை’ என்றே சொல்வேன். இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷத்தில் சொல்லாத சொல். பாக்கியத்திடமும் நானே போய் அதையே சொல்வேன். அவள் புரிந்துகொண்டு போனதையே நாம் வாய்விட்டுச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? தோடு தள்ளிப்போகட்டும். மடி இருக்கிறதல்லவா, மடியை மட்டும் கொண்டுபோகட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உங்கள் அடுப்படியில் நின்று அந்தச் சொல்லைச் சொல்லமாட்டேன். அவரை வாசலுக்குக் கூப்பிட்டு, தெருப்படியில் இறங்கி நின்று சொல்கிறேன். பாக்கியத்தின் பிள்ளைக்கு என்றைக்குக் காது குத்தினாலும், தாமதமானாலும், தோடு வரும். அந்தத் தட்டை மீனா பிடித்துக்கொண்டு வருவாள், நடந்து.

நான் நினைப்பது தப்பென்றால் சொல்லிவிடுங்கள். கனவில் வந்து சொன்னாலும் சரி, மீனா வாயில் வந்து சொன்னாலும் சரி. முதல் பஸ் விடிகிற நேரத்துக்கே வந்துவிடும். அதற்குள் பதில் சொல்லுங்கள், அத்தை.

உங்கள் மருமகள்,
கோமதி