இமையில்லாத விருந்தாளி

வெள்ளிக்கிழமை

அன்பு மருமகளுக்கு, மாமா ஆசியுடன் எழுதுவது.

இங்கே மூன்று பேரும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். உன் அத்தைக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. உன் வீட்டுக்காரன் வழக்கம்போல வேலைக்குப் போகிறான், வருகிறான், சாப்பிடுகிறான், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். குளியலறைக் குழாயை ஒரு வழியாக ஆள் விட்டுச் சரிசெய்தாயிற்று. நீ இருந்தபோது செய்யாததை நீ போன பிறகு செய்திருக்கிறோமே என்று நினைத்தால் அது நியாயம்தான்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ "பரவால்ல மாமா" என்பாய். நானும் அதை அப்படியே நம்பிக்கொண்டு போனை வைத்துவிடுவேன். கடிதத்தில் அந்தச் சௌகரியம் நம் இரண்டு பேருக்குமே கிடையாது.

உனக்குத் தெரியாத ஒரு விஷயத்தை முதலில் போட்டு உடைத்துவிடுகிறேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், வேன் வைத்துக்கொண்டு எல்லோருமாக நீ வேலைக்குப் போயிருக்கும் ஊருக்கு வந்து உன்னை அழைத்துக்கொண்டு போவதாக இருந்தோம். நாங்கள் மூவர், உன் அம்மா, உன் அப்பா. உன் அத்தை பெட்டிகூட எடுத்து வைத்துவிட்டாள். போன மாதம் நீ போன் செய்து என்னிடம்தான் சொன்னாய், "மாமா, எனக்கு அங்க திரும்பி வர முடியும்னு தோணல" என்று. நான் என்ன சொன்னேன் என்று நீ மறந்திருக்க மாட்டாய். "வேலை ஜாஸ்தியாம்மா? நல்லா ரெண்டு நாள் தூங்கி எழுந்திரு" என்றேன். பிள்ளை களைத்துப் போயிருக்கிறாள், நாம் போய் வாசலில் நின்றால் கிளம்பி வந்துவிடுவாள் என்று வீட்டில் சொன்னதும் நான்தான். வேன் யோசனையும் என்னுடையதுதான்.

அந்த வேனைப் பேசி முடிக்கத்தான் செவ்வாய்க்கிழமை கடைத்தெருவுக்குப் போனேன். வேன்காரர் வெளியே போயிருக்கிறார், மத்தியானத்துக்கு மேல் வாருங்கள் என்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. எதிரே தியேட்டர். டிக்கெட் கொடுக்கும் பெண் எந்தப் படம் சார் என்று கேட்டாள். எந்த அரங்கில் ஏசி நன்றாக இருக்குமோ அந்தப் படம் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். தூங்கப் போகிறவனுக்கு எந்தப் படமாக இருந்தால் என்ன? உள்ளே போகும்போது, 3D படமாம், ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கையில் திணித்தார்கள். என் கண்ணாடிக்கு மேல் அந்தக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூக்குத்தான் பாவம்.

அது வேற்றுக்கிரகவாசி படம். எனக்கும் அந்த மாதிரிப் படங்களுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது உனக்குத் தெரியும். வானத்திலிருந்து ஒரு பளபளப்பான வண்டி வயல்வெளியில் விழுகிறது. உள்ளேயிருந்து நம் பீரோ உயரத்துக்கு ஒரு ஜீவன் இறங்குகிறது. மூன்று விரல், வாய் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத முகம், பெரிய கண்கள், கண்ணுக்கு இமையே கிடையாது. நல்லவேளையாக அது யாரையும் கடித்துக் குதறவில்லை. நட்சத்திர ஆராய்ச்சி செய்கிற ஒரு டாக்டரின் குடும்பம் அதைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறது. டாக்டர், அவர் மனைவி, அவர்கள் மகள் மூவரும் அதன்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். குறை சொல்லவே முடியாது.

வெளிச்சமான வண்டியில் வந்ததால் அதற்கு வெளிச்சம்தான் பிடிக்கும் என்று முடிவு செய்து, அதன் அறை முழுக்க விளக்குப் போடுகிறார்கள். ராத்திரி பகல் எல்லாம் விளக்கு. அது இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகச் சேர்த்து, மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டுகிறது. டாக்டர் மனைவி கண் கலங்கி, நன்றி சொல்லுது பாருங்க என்கிறாள். மறுநாள் இன்னும் இரண்டு விளக்கு கூடுகிறது. அது மறுபடியும் கையைச் சேர்த்து இறக்குகிறது. இவர்கள் கை தட்டுகிறார்கள். விஷயம் ஊரெல்லாம் பரவி, தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் அப்படிக் கைகாட்டி வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்கள்கூட பாப்கார்ன் கையோடு அதைச் செய்து பார்த்துச் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் மடியில் வைத்த கையை ஒரு தரம் அப்படிச் செய்து பார்த்தேன்.

கடைசியில் அதைத் தேடிக்கொண்டு அதன் ஆட்கள் இரண்டு பேர் வருகிறார்கள். வீடே அழுதுகொண்டு நிற்கிறது. இது அவர்களைப் பார்த்ததும் கையைச் சேர்த்து இறக்குகிறது. வந்தவர்களில் ஒருவர் நேராகச் சுவரண்டை போய், தடவிப் பார்த்து, சுவிட்சை அணைக்கிறார்.

அவ்வளவுதான். திரை முழுக்க இருட்டு. அந்த இருட்டுக்குள், படம் முழுக்க வாயே திறக்காத அந்த ஜீவன் ஒரு பெருமூச்சு விட்டது. பாப்கார்ன் மெல்லுகிற சத்தம்கூட நின்றுவிட்டது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நல்லா காதுல பூ சுத்துறாங்க என்று நினைத்தேன். நட்சத்திரத்தின் தூரத்தை அளக்கிற டாக்டர், ஒரே ஒரு ராத்திரி அந்த விளக்கை அணைத்துப் பார்த்திருக்கக் கூடாதா? அவ்வளவு பாசம் வைத்த பொம்பளை, இது நிஜமாவே நன்றிதானா என்று ஒரு தரம் சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா? இதையெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே வெளியே வந்து, வேன்காரர் கடைப் படியில் கால் வைத்தேன். உன் அம்மா சிரித்தது ஞாபகத்துக்கு வந்தது.

போன வாரம் உன் அம்மா இங்கே வந்திருந்தார்கள், வேன் பயணத்தைப் பற்றிப் பேச. உன் அத்தை, ஃபிளாஸ்க் நிறையப் பால் எடுத்துக்கணும், அது இல்லாட்டி அவளுக்குத் தூக்கம் வராது என்றாள். உன் அம்மா சிரித்தார்கள். "பாலா? சின்னப் பிள்ளைலேர்ந்து அவ வாயிலயே வச்சதில்லையே. அந்த வாசனையே அவளுக்கு ஆகாதே" என்றார்கள். அப்போது உன் அத்தை என்ன சொன்னாள் தெரியுமா? "எங்க வீட்ல தினம் குடிச்சாளே சம்பந்தி" என்றாள். அவ்வளவு பெருமை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அம்மா வீட்டில் ஆகாததை நாம் பழக்கிவிட்டோம் என்று.

நீ வந்த முதல் நாள் ராத்திரி உன் அத்தை கொடுத்த பாலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாய். எவ்வளவு ஆசையாகக் குடிக்கிறாள் பாருங்கள் என்று அவள் அடுத்த நாளே பெரிய டம்ளருக்கு மாறினாள். நாங்கள் இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்து நீ குடித்து முடிக்கும்வரை பார்ப்போம். ஒரே மூச்சில் குடிப்பது எதை என்று இந்த வயதில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருந்தைத்தான் அப்படிக் குடிப்பார்கள்.

பால் ஒன்று என்றால் விட்டுவிடலாம். நீ அறைக்குள் உட்கார்ந்து கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருப்பாய். நான் வந்து கதவைத் தட்டி ஏதாவது வேணுமாம்மா என்பேன். டீ வேணுமா, ஃபேன் சத்தமா இருக்கா, ஜன்னலைச் சாத்தட்டுமா. ஒரு நாள் கதவைத் தாழிட்டிருந்தாய். தாழ்ப்பாள் இறுகி நீ உள்ளே மாட்டிக்கொண்டாய் என்று நாங்கள் பதறி, கூப்பாடு போட்டு, தச்சரை வரவழைத்து அந்தத் தாழ்ப்பாளையே கழற்ற வைத்தோம். இனிமே பயமில்லம்மா என்றேன். நீ ஒரு நிமிஷம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பரவால்ல மாமா" என்றாய். தச்சரிடம் என் மருமகளுக்கு எவ்வளவு பொறுமை பாருங்கள் என்று நான் பீற்றிக்கொண்டேன்.

பாதி வாழ்க்கை ஹோட்டல் வரவேற்பு மேஜையில் நின்றவன் நான். வந்தவர் முகத்தைப் பார்த்தே அவருக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவேன் என்று மேனேஜர் என்னை நாலு பேர் நடுவில் புகழ்ந்திருக்கிறார். கேட்பதற்கு முன்னால் கொடுப்பதுதான் எனக்குத் தெரிந்த அன்பு. நம் வீட்டுக்கு வந்த பெண்ணையும் நான் அப்படியே நடத்தியிருக்கிறேன். ஹோட்டலில் தங்குகிறவர் நாலு நாளில் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போய்விடுவார். நீ நாலு வருஷம் தங்கினாய். நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை அம்மா.

வேனைப் பேசாமலே வீட்டுக்குத் திரும்பினேன். விஷயத்தைச் சொன்னதும் உன் அத்தை என்னைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டாள். "ஊரே அந்தப் படத்தப் பாக்குது, எல்லாரும் போய் வேன கேன்சல் பண்றாங்களா? ஏசில தூங்கப் போன மனுஷன் தூங்கிட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள். நான் பால் விஷயத்தை எடுத்தேன். அவளுக்குப் பிடிக்காமலா குடித்தாள், பிடிக்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டாளா என்று அவள் அடித்துப் பேசினாள். அப்போதுதான் உன் வீட்டுக்காரன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமல் சொன்னான், "சொன்னாம்மா. வந்த மாசமே என்கிட்ட சொன்னா. நீங்க ஆசையா குடுக்கறீங்களேன்னு நான்தான் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொன்னேன்."

உன் அத்தை எழுந்து உள்ளே போய்விட்டாள். அவனும் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டான். அவனை எனக்கு ஓங்கி ஒன்று கொடுக்கலாம் போலிருந்தது, ஆனால் போனில் நீ வாய் விட்டே சொன்னதைத் தூக்கம் போதவில்லை என்று மாற்றிய நான் அவனை அடிக்க எந்த முகத்தோடு கை ஓங்குவது?

நேற்று சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து, உனக்கு என்னதான் பிடிக்கும் என்று யோசித்தோம். உன் அத்தை மஞ்சள் நிறப் புடவை என்றாள். அது நீ எடுத்துக் கொடுத்ததும்மா, அவ எடுத்ததில்ல என்றான் அவன். நான் உனக்குப் பழைய பாட்டுப் பிடிக்கும் என்றேன். சொன்ன பிறகுதான், ரேடியோவை வைத்தது நான் அல்லவா என்று உறைத்தது. அவன் வெகுநேரம் யோசித்து, மழையில் நனையப் பிடிக்கும் என்று நினைக்கிறேன் என்றான். நினைக்கிறானாம். விளக்குப் போடக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அதனால் நாங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. வேறு எந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படிச் சொல்லாமல் வந்து நிற்க மாட்டோம். உன் அம்மா அப்பாவிடம் நானே பேசிவிட்டேன். உன் அம்மாவுக்கு வருத்தம்தான், பெரியவங்க நீங்களே இப்படிச் சொல்லலாமா என்று கேட்டார்கள். பிள்ளை வாயைத் திறந்து ஒன்று சொல்லிவிட்டாள், அதை இந்தத் தடவையாவது அப்படியே கேட்போம் என்றேன். உன் வீட்டுக்காரனிடமும் சொல்லியிருக்கிறேன். அவனாக உன்னைக் கூப்பிட்டு நச்சரிக்க மாட்டான். பிரிவதோ சேர்வதோ உன் முடிவு. நீ என்றைக்குப் பேசத் தயாரோ அன்றைக்குச் சொல், அவன் குறுக்கே பேசாமல் கேட்பான். கேட்காவிட்டால் என்னிடம் சொல்.

நீ திரும்பி வர வேண்டும் என்ற ஆசை எனக்கு விட்டுப்போயிற்று என்று எழுதினால் அது பச்சைப் பொய். நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடிக்காததை நான்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும், நீ இல்லை. இவ்வளவு காலம் அது தலைகீழாக நடந்துவிட்டது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எங்களைத் திட்டி ஒரு கடிதம் எழுது. நல்லவிதமாக, மரியாதையாக எல்லாம் வேண்டாம். மனதில் இருப்பதைக் கொட்டி, பிடிக்காதது அத்தனையும் சொல்லித் திட்டு. உறவுக்காரர்களைத்தான் மனிதர்கள் அப்படித் திட்டுவார்கள். நீ இனி எங்களுக்கு உறவாக இருப்பாயோ மாட்டாயோ, அந்த ஒரு கடிதம் மட்டும் எங்களுக்கு வேண்டும். நான் பதில் சமாதானம் எழுத மாட்டேன். படித்துவிட்டு வைத்துக்கொள்வேன்.

நீ எந்த ஊரில், யாரோடு, எப்படி இருந்தாலும் உன் மனதுக்குப் பிடித்த மாதிரி இரு. என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் மாமா

இதை மடிக்கப் போகும்போது உன் அத்தை வந்து பக்கத்தில் நின்றாள். படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ யாரையும் சட்டுனு திட்ட மாட்டா. மொதல்ல என்னைத் திட்டச் சொல்லி எழுதுங்க, அப்புறம் அவளுக்கே பழகிடும்" என்கிறாள். எழுதிவிட்டேன்.