அக்கா தண்ணீர் கேட்ட வீடு

அன்புள்ள அம்மாவுக்கு, செவ்வந்தி வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நேற்று நர்ஸ் வினிதா அக்காவுக்கு மருந்துப் பை தூக்கிக்கொண்டு, சாராயக்கடைச் சந்தில் ஒரு பெரியவரின் காலில் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போடப் போனேன். பாதியில் அவர் மகன் குடித்துவிட்டு வந்து கதவைத் தாழ்போட்டான்.

"வலிக்குப் போடுற ஊசி பையில இருக்குல்ல? எனக்கும் போடுங்க."

"டாக்டர் எழுதாம போடக்கூடாது, தம்பி."

அவன் பையைப் பிடித்து இழுத்தான். எனக்கு வழக்கம்போலப் பேச்சே வரவில்லை. பையை மட்டும் விடவில்லை.

"சரி தம்பி, முதல்ல குடிக்கத் தண்ணி குடுங்க," என்றார் அக்கா.

அக்கா நோயாளி வீட்டில் தண்ணீர் குடிக்கவே மாட்டார். வீட்டுக்கு வந்தவர்கள் தண்ணீர் கேட்டால் எந்தக் குடிகாரனும் மறுக்கமாட்டான் என்று முன்பே சொல்லியிருக்கிறார். அவன் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். நான் தாழ்ப்பாளைத் திறந்தேன். செருப்புகூடப் போடாமல் மெயின்ரோடு வரை ஓடினோம்.

பயப்படாதே, அடி எதுவும் படவில்லை. என் பழைய செருப்பைக் கொடுத்தனுப்பு. இட்லிப் பொடியும் வை. இங்கே தனியாகச் சாப்பிட்டால் எதுவும் இறங்கவில்லை. அப்பாவிடம் சொல்லாதே.

பெரியவருக்குக் கட்டு பாதியில் நிற்கிறது. தெருக்காரர்கள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு அக்கா இப்போது போகிறார். "நீ வர வேணாம்டி," என்றார்.

"அப்ப கதவுகிட்ட யாரு நிப்பா, அக்கா?" என்று கேட்டுவிட்டேன். ஆட்டோ வந்துவிட்டது, நானும் கிளம்புகிறேன்.

உன் மகள்,
செவ்வந்தி