திராட்சை அழுகிய காரணம்

சாப்பாடு மேஜையில் மூடியிருக்கிறது. கொத்தமல்லியைக் கழுவாமல் காகிதத்தில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். உருளைக்கிழங்கை வெங்காயத்தோடு போடாதீர்கள், முளைவிட்டுவிடும். காய்கறி கெடாமல் வைப்பதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? குளிர்பதனக் கிடங்கே நடத்துகிறீர்கள்.

அந்தக் கிடங்கின் காவலாளி இன்று காலை வந்திருந்தார். அங்கே வைத்திருந்த அப்பாவின் திராட்சை எப்படிக் கெட்டது என்று கேட்டேன். "மிஷினுக்கு ஒண்ணும் இல்லக்கா. கரண்டு மிச்சம்னு அண்ணன்தான் ராத்திரியில அணைக்கச் சொல்வாரு" என்றார். அத்தனையும் உங்கள் குளிர் அறையில்தான் அழுகியிருக்கிறது. நீங்களோ அப்பாவிடம், "கொடியிலயே நோய் மாமா" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டீர்கள். அதை நம்பி, நாளைக் காலையில் கொடி எல்லாவற்றையும் வெட்ட ஆள் வரச் சொல்லியிருக்கிறார்.

மத்தியானப் பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன். எப்போது வருவேன் என்று கேட்காதீர்கள்.

தாளில் கீழே இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். அப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். "மாப்பிள்ளை பொய் சொல்றவரு இல்லம்மா. ஏதோ சண்டைக் கோவத்துல அவரைப் பழிக்காத" என்கிறார். பெற்ற மகள் சொல் எடுபடவில்லை. நீங்கள் சொன்னால்தான் வெட்டுவதை நிறுத்துவார். இன்றைக்கே சொல்லுங்கள்.