ஏழாம் வெற்றி முரசுக்கு முன்

ஏழு குன்றுகளையும் இரண்டு ஆறுகளையும் குடைநிழலில் கொண்டு ஓங்கல் நாடு ஆளும் செழுங்கோத் திகிரி வேந்தர் மாடநகர் அரியணையில் நீடு வீற்றிருக்க. அவர் வயலில் நெல் சாய, அவர் தொழுவில் கன்று துள்ள, அவர் நாட்டுப் பிள்ளைகள் பசி அறியாது உறங்க. நெடுமதில்பாடிக் கோட்டையின் காவல் பூண்டவளும், வேந்தர்க்கு ஒன்பது ஆண்டு முன் பிறந்தவளுமாகிய எயினங்கை, எழுத்தரை விலக்கித் தன் கையாலேயே கீறி, வணங்கி விடுக்கும் ஓலை.

இவ்வோலையைத் தாங்கள் ஒருவரே பிரித்துப் படிக்க வேண்டும் என்பதற்காகக் கோட்டை முத்திரையைத் தவிர்த்து, நம் அன்னையார் எனக்கு விட்டுச்சென்ற கணையாழியைப் பதித்திருக்கிறேன். அது பதிந்த ஓலையை அரசரன்றிப் பிறர் பிரித்தால் விரல் போகும் என்பது நம் குலத்து வழக்கம். அமைச்சர் காவிதி நன்னாகனாரும் அதை அறிவார். முன்னர் நான் விடுத்த ஐந்து ஓலைகளும் அவர் கையில் பிரிந்து, அவர் கையாலேயே மறுமொழி பெற்றன. வடக்கு மதிலில் ஆள் நுழையும் அளவுக்கு விரிசல் கண்டது என்று எழுதினேன். நெடுமதிலின் பெருமையைப் புகழ்ந்து மறுமொழி வந்தது. காயம்பட்டவர்க்குப் பூச எண்ணெய் இல்லை என்று எழுதினேன். வெற்றி விழாவுக்குத் தெருவெல்லாம் விளக்கேற்றுக என்று வந்தது. ஆகையால் இம்முறை புகழ் வேண்டாம், தம்பியாரே. கேட்டால் போதும்.

வடகரையார் எங்களை வளைத்து ஐந்தாம் திங்கள் நடக்கிறது. மூன்று புறமும் அவர்கள், தெற்கே ஆறு. ஆற்றுவாயில் ஒன்றே திறக்கக்கூடியது. அதுவும் வெற்றி பெறும் நாட்டின் குடிகள் ஊரைவிட்டுப் போவது கண்ணுக்கு அழகன்று என்ற அமைச்சரின் ஆணையால், அரச ஆட்களின் தோணிக்கன்றி அடைபட்டுக் கிடக்கிறது. கைக்குழந்தைக்காரிகளையாவது தோணியேற்றி அனுப்பலாமா என்று கேட்டதற்கும் அதே ஆணையைத்தான் திருப்பி எழுதினார்கள். வெளியே பகைவர் பூட்டிய பூட்டு ஒன்று, உள்ளே நாமே பூட்டியது ஒன்று. இரண்டுக்கும் நடுவே நாலாயிரம் உயிர்கள் வெந்நீரில் கம்பைப் போட்டுக் குடித்துக்கொண்டு, தலைநகரிலிருந்து வரும் செய்தியை நம்பிக்கொண்டு இருக்கின்றன.

செய்திகள் வந்தன, அது குறையில்லை. ஐந்து திங்களில் ஆறு வெற்றிகள் வந்தன. ஒவ்வொன்றையும் ஓலையில் எழுதியபடியே முரசறைவோன் கீரந்தை கொற்றவை கோயில் மேடையேறி அறைந்து சொன்னான். மக்கள் அழுதார்கள், கட்டிக்கொண்டார்கள், வேந்தர் படை நாளை வரும் நாளை மறுநாள் வரும் என்று வாசல் தெளித்தார்கள். நானும் தெளித்தேன்.

இவ்விடத்து வழக்கம் ஒன்று மாடநகரில் மறந்துபோயிருக்கும். அதை மட்டும் நினைவூட்ட வேண்டும். நெடுமதில்பாடியில் வெற்றி முரசு முழங்கினால், அன்று நண்பகல் தொடங்கி மறுநாள் கதிர் எழும்வரை எவனும் இரும்பைத் தொடுவதில்லை. வாள், வேல், அம்பு அனைத்தையும் முரசு முழங்க முழங்கவே கோயில் குளத்தில் நீராட்டி, மஞ்சள் பூசி, அம்மன் முன் கிடத்திவிடுகிறார்கள். போர் முடிந்தபின் ஒருமுறை செய்வதற்காக முன்னோர் வைத்த வழக்கம் அது. போர் நடக்கையிலேயே ஆறு முறை முரசு கேட்கும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

முதலில் விழித்துக்கொண்டவர்கள் மக்கள். ஐந்தாம் வெற்றியில் தாழைத்துறை நம் கைக்கு வந்தது என்று கீரந்தை அறைந்தபோது, கூட்டத்தில் நின்ற உப்பு விற்பவள் ஒருத்தி உரக்கவே கேட்டாள்: “தாழைத்துறையை ரெண்டாவது தடவையே பிடிச்சாச்சே, நடுவுல யாருகிட்ட கைமாத்தாக் குடுத்து வெச்சிருந்தாங்க?” சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பசித்த முகங்களில் சிரிப்பைக் கண்டு நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அடுத்த தோணியில், பழிச்சொல் பேசுவோர்க்குப் பன்னிரண்டு கசையடி என்ற ஆணை வந்தது. அவளுக்கு அடி விழுந்தது. ஆணையைப் படித்தவள் நான். அதன்பின் இவ்வூரில் யாரும் சிரிப்பதில்லை, அழுவதுமில்லை. முரசு கேட்டால் கை தட்டுகிறார்கள், கை தட்டிக்கொண்டே பக்கத்தில் நிற்பவன் தட்டுகிறானா என்று பார்க்கிறார்கள்.

அடுத்து விழித்துக்கொண்டவர்கள் வடகரையார். முரசு கேட்ட பொழுதெல்லாம் மதிலில் அம்பு நின்றுபோவதை அவர்கள் கண்டுகொண்டார்கள். ஒவ்வொரு வெற்றி நாளிலும் அவர்களுடைய பதுங்குகுழி ஐம்பது அடி முன்னேறியது. இப்போது அகழியின் விளிம்புவரை வந்த குழியில் நின்று எங்கள் காவலரோடு ஊர்க்கதை பேசுமளவுக்கு நெருங்கிவிட்டார்கள். “என்னப்பா, கத்தியெல்லாம் குளிச்சு நாளாச்சே, சளி பிடிச்சிருக்கா?” என்று கேட்கிறார்கள். “உங்க ராசாகிட்டச் சொல்லி இன்னொரு ஊரைப் பிடிக்கச் சொல்லுங்கடா, எங்களுக்கு ஏணி காஞ்சு போகுது” என்கிறார்கள்.

ஆறாம் வெற்றி நாளில் அவர்கள் வடக்கு விரிசலில் ஏணி சாத்தினார்கள். எங்களவர் கையில் இரும்பில்லை. உலக்கையும் துடுப்பும் நுகத்தடியும் கொண்டு மாலைவரை தடுத்தார்கள். பெண்கள் அம்மிக்கல்லை இருவர் இருவராய்த் தூக்கிவந்து உருட்டினார்கள். விரிசல் தப்பியது. பதினொருவர் தப்பவில்லை. அவர்களில் ஒருவன் பூதன், கீரந்தையின் தம்பி. துடுப்பைப் பிடித்த பிடி விடாமல் கிடந்தான். விரல்களைப் பிரிக்க முடியாமல் துடுப்போடு எரித்தோம். ஆறாம் வெற்றியை அறைந்து சொன்னவர்கள் அவ்விருவருமே. அண்ணன் வலப்புறம், தம்பி இடப்புறம்.

மறுநாள் மதிற்படைத் தலைவன் நொச்சியனை அழைத்து, இனி முரசு கேட்டாலும் வாளைக் கீழே வைக்க வேண்டாம் என்றேன். அவன் தலைகுனிந்து நின்று சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

“தாயே, அந்த வெற்றி பொய்யின்னு உங்க வாயால ஒரு சொல் சொல்லுங்க, இப்பவே எடுக்கிறோம். மெய்யின்னா, அம்மன் முன்னால வெச்சதை எடுக்க எங்க கை வராது. மெய்யா பொய்யா, அதை மட்டும் சொல்லுங்க.”

நான் சொல்லவில்லை. பொய் என்றால் என் தம்பியைப் பொய்யன் என்றவள் ஆவேன். மெய் என்றால் என் பிள்ளைகளை வெறுங்கையோடு ஏணிக்கு முன் நிறுத்தியவள் ஆவேன். அவன் வணங்கி, மதிலுக்குத் திரும்பிப் போனான். அந்த வணக்கம் இன்னும் என் முதுகில் கிடந்து உறுத்துகிறது.

என்னால் ஆகாததைக் கீரந்தை செய்தான். சென்ற அமாவாசையன்று ஏழாம் வெற்றியின் ஓலை வந்தது. மேடையேறினான், ஓலையைத் தனக்குள் படித்தான், முரசடிக்கும் குணில் இரண்டையும் முரசின் மேல் வைத்துவிட்டு இறங்கினான். ஏன் என்று கேட்டேன். “இதை அறைஞ்சா நாளைக்கு யாரோட தம்பி, அம்மா?” என்றான்.

அதற்கான தண்டனை ஆணையோடு வந்தவரே இவ்வோலையைத் தங்கள் கையில் தரும் படைத்தலைவர் ஏனாதி வெளியனார். நாற்பது வீரரோடு ஆற்றுவாயில் வழியே வந்து இறங்கினார். வரும் பௌர்ணமி நண்பகலில் ஏழாம் வெற்றியைக் கீரந்தையே அறைய வேண்டும், அறைந்து முடித்தவுடன் அவன் கைகள் இரண்டையும் மேடையிலேயே வெட்ட வேண்டும், தடுப்பவரை அரச துரோகியாய்க் கொள்ள வேண்டும் என்பது ஆணை. முன்னரே வெட்டியிருப்பார்கள், முரசறையும் குடியில் இவ்வூரில் எஞ்சியவன் இவன் ஒருவனே என்பதால் முரசு முடியும்வரை கைகள் தேவைப்படுகின்றன.

ஏனாதியார்மேல் எனக்குக் கோபமில்லை. எங்களோடு அமர்ந்து கம்பங்கூழ் குடித்தார். உப்பில்லை என்று முகம் சுளிக்கவுமில்லை. நேற்று நண்பகல் அவரை வடக்கு மதிலுக்கு அழைத்துச் சென்றேன். அகழிக்கு அப்பால் ஏணிகள் அடுக்கியிருப்பதைக் காட்டினேன். கீழிருந்த வடகரையான் ஒருவன் அவரைப் பார்த்துக் கையசைத்தான். “புது ஆளா? முரசு எப்பன்னு நீயாவது கேட்டுச் சொல்லு சாமி, எங்க தலைவர் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கக்கூட விடமாட்டேங்கிறார்!” என்றான். ஏனாதியார் ஏணிகளை ஒவ்வொன்றாய் எண்ணினார். இறங்கும்போது, “ஆற்றுவாயிலைத் திறக்க எனக்கு அதிகாரமில்லை தாயே, கையை வெட்ட மாட்டேன்னு சொல்லவும் அதிகாரமில்லை. ஆனா பௌர்ணமிவரைக்கும் ஓலை சுமக்கக் கூடாதுன்னு எனக்கு யாரும் எழுதித் தரலை” என்றார். இன்று வளர்பிறை அட்டமி. இவ்வோலையில் தடவிய மை காயுமுன் அவர் தோணியேறுகிறார்.

இனிக் கேளுங்கள். வடகரையார் குழியைவிட்டு வெளியே வருவது முரசு முழங்கும் பொழுதில் மட்டுமே. பௌர்ணமி நண்பகலில் முரசு முழங்கும். நான் தடுக்கப் போவதில்லை. கேட்டதும் அவர்கள் அத்தனைபேரும் வடக்கே அவர்களுக்குப் பின்னால் நிற்கும் கரட்டுக்குன்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காவல் ஒருவனையும் பின்னால் நிறுத்தாமல், திருவிழாவுக்குப் போகிறவர்களைப்போல் ஏணியோடு ஓடிவருவார்கள். அந்நேரம் குன்றுக்குப் பின்னால் தங்கள் படை மறைந்து நிற்குமானால், இந்தப் போர் அன்று மாலையே முடியும். மாடநகர் வாயிலில் மூவாயிரவர் நிற்கிறார்கள். வெற்றி ஊர்வலத்துக்காக அவர்களுடைய கேடயங்கள் துலக்கப்படுகின்றன என்று ஏனாதியார் சொன்னார். அந்த ஊர்வலத்தை இப்பக்கம் திருப்புங்கள். ஓலை சேர இரண்டு நாள், படை நடக்க நான்கு நாள். தாங்கள் எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு பொழுது மிச்சமிருக்கிறது. அமைச்சரைக் கலப்பதற்கு மிச்சமில்லை.

படை வந்தால், ஏழாம் வெற்றி மெய்யாகும். அறைந்தவன் பொய் சொல்லவில்லை என்றாகும். ஆணையைத் தாங்கள் மீட்டுக்கொள்ள, அவன் கைகள் அவனுக்கே இருக்கும். முந்தைய ஆறையும் யாரும் தோண்டிப் பார்க்க மாட்டார்கள். இவ்வூர் மக்கள் மன்னிக்கத் தெரிந்தவர்கள்.

வராவிட்டால் நிகழப்போவதையும் மறைக்காமல் எழுதுகிறேன். கீரந்தையிடம் நேற்றே பேசினேன். நீ அறைய வேண்டும், உன் பக்கத்தில் நான் நிற்பேன் என்றேன். “நின்னு?” என்றான். கடைசி அடி விழுந்ததும் குன்றைப் பார்ப்பேன், நம் கொடி தெரிந்தால் வாய் மூடியிருப்பேன், தெரியாவிட்டால் வாய் திறப்பேன் என்றேன். இடத்தோளைத் தடவிக்கொண்டு யோசித்தான். பூதன் இருந்தபோது முரசின் பாதிச் சுமையை அவன் தாங்கினான்; இப்போது முழுதும் அந்தத் தோளுக்கு. பிறகு, “சத்தமாச் சொல்லுங்க, கடைசி வரிசைக்கும் கேக்கணும்” என்றான்.

ஆகவே, தம்பியாரே, கொடி தெரியாத அந்நேரத்தில், வாள்களெல்லாம் மஞ்சள் பூசிக் கிடக்க, ஏணிகள் மதிலில் சாய, இந்த வெற்றி பொய், இதற்கு முந்தைய ஆறும் பொய், வாளை எடுங்கள் என்று நெடுமதில்பாடியின் நடுவில் நின்று என் வாயாலேயே சொல்வேன். நொச்சியன் கேட்டது அந்த ஒரு சொல்தான். மிஞ்சியவர்கள் இரும்போடு சாவார்கள். அந்தச் சொல்லுக்குரிய தண்டனையை அறிவேன். நாற்பதின்மரில் ஒருவன் என் கழுத்துக்கு வருவான். கீரந்தையின் கைக்கு முன் என் கழுத்தை வெட்ட வேண்டும் என்று அவர்களிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். இரண்டு வழியும் என்னை அம்மேடையிலேதான் கொண்டுவந்து நிறுத்துகின்றன. எந்த வழி என்பதைத் தெரிந்தெடுக்கும் இடம் மட்டும் மாடநகரில் இருக்கிறது.

திகிரி, இது அரசனுக்கு எழுதுவதன்று. உனக்கு நான்கு வயதில் முரசு என்றால் நடுக்கம். விழா நாளெல்லாம் என் மடியில் முகம் புதைப்பாய். நான் உன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, முடிந்துவிட்டது கண்ணு, முடிந்துவிட்டது என்று முடியுமுன்பே பொய் சொல்வேன். பிள்ளை அழக்கூடாது என்றுதான் சொன்னேன். நீ அரசனானபின் நாட்டுக்கே அதைச் செய்கிறாய். யாரிடம் கற்றாய் என்று நான் கேட்க மாட்டேன். உன்னைச் சுற்றியிருப்பவர்கள் இப்போதும் உன் காதைப் பொத்தியிருக்கிறார்கள். பௌர்ணமியன்று பொத்தவிடாதே.

நீ சாப்பிட்டாயா என்று ஒவ்வொரு ஓலையிலும் கேட்டேன்; அதற்கு மட்டும் எந்த மறுமொழியிலும் பதிலில்லை.

மலை நின்ற இடத்தில் நிற்க, ஆறு வழி மாறாது ஓட, ஓங்கல் நாட்டு வேந்தர் சொல் மெய்யாய் விளங்குக. ஓலையின் வெளிப்புறத்திலும் கீறியிருப்பது இது: இவ்வோலையைச் சுமக்கும் ஏனாதி வெளியனாரைத் துறைக்காவலரும் வழிக்காவலரும் தடுக்காது குதிரை மாற்றித் தருக. அரசர் கையன்றிப் பிறர் கையில் இது சேருமானால், பிரிக்காமல் நெருப்பில் இடுக. அரசர் கையில் சேர்ந்தால், படித்து முடித்த அப்பொழுதே மூவாயிரவரும் மாடநகர் வடக்கு வாயில் வழியே புறப்படுக. இது கோட்டைக் காவலாட்டியின் வேண்டுகோள். முன் பிறந்தவளின் ஆணை.

அன்னையார் கணையாழி பதித்தேன். வளர்பிறை அட்டமி, நண்பகல், வடக்கு மதில்.