பங்கர்ப் பலகையின் இரண்டாம் வரி

பெயின்ற் மணக்கும் என் அண்ணாவுக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. நான் இன்னும் அழவில்லை. சமைக்கிறேன், கட்டைபறிச்சான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன், இடாப்பில் பிள்ளைகளின் பெயர் கூப்பிடுகிறேன். டீச்சர் தைரியமான ஆள் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

போன ஞாயிறு லோஞ்சில் கடல் கடந்து திருகோணமலைக்குப் போனேன். நீங்கள் எழுதிய கடைப் பலகைகள் அப்படியே இருக்கின்றன. சலூன், ஐஸ்கிறீம் கடை, தையல் கடை, எல்லாம் அதே எழுத்து. நாங்கள் பிறக்க முன்னர் ஓடிய படங்களின் விளம்பரங்களைப் பார்த்துப் பழகினீர்களே, அது. தடித்து, ஒடுங்கி, கலியாணப் போட்டோவில் இடம் போதாமல் நெருங்கி நிற்கும் மாமிமார் மாதிரி. ஒவ்வொரு கொம்பிலும் ஒரு சுருள்.

எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டிய பங்கர்ப் பலகையிலும் அதையே எழுதினீர்கள். மேல் வரியில் ‘பதுங்குகுழி’, கீழ் வரியில் ‘இந்தப் பக்கம்’. சிவப்பும் மஞ்சளும். எனக்கு வெட்கமாக இருந்தது. அதிகாரி ஒருவர் பார்க்க வருகிறார் என்றதும் உங்களுக்கு ஆள் அனுப்பினேன்.

“என்னண்ணா, சர்க்கஸ் கொட்டகையோ இது? ஆக்கள் சிரிப்பினம். ஒழுங்கான எழுத்தில மாத்தித் தாங்கோ.”

“சிரிக்கட்டுமேயடி. சின்னப் பிள்ளையள் ஓடிவாற இடம். பயமுறுத்துற மாதிரி எழுதினா வருவினமே?”

“என்ர மரியாதையையும் யோசியுங்கோ.”

அதோடு நீங்கள் ஏணியை எடுத்துவந்து சுவரில் சாத்தினீர்கள். ஏலாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்தானே?

மேல் வரிக்கு வெள்ளை அடித்து, காயவிட்டு, நேரான கறுப்பு எழுத்தில் எழுதி முடித்தீர்கள். “மிச்சத்தைத் தேத்தண்ணி குடிச்சிட்டு எழுதுறன்” என்றீர்கள். நான் தேத்தண்ணி எடுக்கப் போன நேரம் செல் குண்டு விழத் தொடங்கியது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கினேன். நீங்கள் பின்னால் வருவீர்கள் என்று நினைத்தேன். வெளியே வந்தபோது ஏணி சரிந்து கிடந்தது. நீங்கள் அதன் கீழே கிடந்தீர்கள். பலகையில் ஒரு கீறல்கூட இல்லை.

அந்த அதிகாரி வரவேயில்லை.

போன கிழமை பள்ளிக்கூட அதிபர் கேட்டார். “டீச்சர், ஒரு வரி ஒரு விதம், மற்ற வரி வேற விதம். ஆரையும் பிடிச்சு மற்றதையும் கறுப்பில முடிப்பமே?” நான் ஓம் என்றுவிட்டேன். இப்போது எதற்கும் ஓம் என்றுதான் வாயில் வருகிறது.

நேற்றுப் பிள்ளைகளைப் பங்கருக்கு ஓடப் பழக்கினோம். முதலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, இன்னும் வாசிக்கத் தெரியாதவள், என் சேலையைப் பிடித்தாள்.

“டீச்சர், அந்தக் கொழுத்த எழுத்துப் பக்கம்தானே ஓடுறது?”

எல்லாப் பிள்ளைகளும் அதைப் பார்த்துத்தான் ஓடினார்கள். சிலர் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். கறுப்பு வரியை ஒருத்தரும் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னது சரி அண்ணா. அதை உங்களிடம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அதிபரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் பெயின்ற் பிறஸ் என் அலுமாரியில் இருக்கிறது. கிட்ட நின்று பார்த்தால் வெள்ளைக்கு அடியில் உங்கள் பழைய எழுத்து மங்கலாகத் தெரிகிறது. வருகிற சனிக்கிழமை நானே ஏணியில் ஏறி, மேல் வரியை அந்தத் தடத்தின் மேலேயே, தடிப்பாக, நெருக்கமாக, சுருளோடு எழுதுவேன். கோணலாகத்தான் வரும். ஆக்கள் சிரிக்கட்டும்.

உங்கள் எழுத்தைப் பார்த்து வெட்கப்பட்ட
தங்கச்சி